திண்ணையை உடைக்காமல் கடைக்கு விட முடியுமா? (புதுச்சேரி, பழைய மாடிவீடு)

வாய்க்கால்மேற்கு கேட்டது:

வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் அப்பா வீடு இருக்கிறது. நேரு வீதியிலிருந்து நடந்தே போகலாம். அப்பா போன பிறகு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் பிரான்சில், நான் சென்னையில். மாதம் ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து, வௌவால் புழுக்கையைப் பெருக்கித் தள்ளி, ஒரு விளக்கை ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி?

இப்போது ஒரு துணிக்கடைக்காரர் கேட்கிறார். மாதம் 60,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ். அண்ணனுக்குக் கேட்டதுமே வாயெல்லாம் பல். எனக்கும் பணம் கசக்கவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் அவர் கேட்பதைக் கேளுங்கள். இரண்டு திண்ணையையும் எடுத்துவிட வேண்டும். வாசக்காலைக் கழற்றி 12 அடிக்கு ஷட்டர் வைக்க வேண்டும். முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூட வேண்டும். உள்ளே நான்கடி உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேல் சிமெண்ட் பூச்சு. மாடி குடோனாகிவிடும். செலவு மொத்தமும் அவருடையது, எங்களுக்கு ஒரு பைசா கிடையாது என்பதைத்தான் பெரிய சலுகையாகச் சொல்கிறார்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவை ஒட்டி மரத்தூணும் ஓட்டுச் சாய்ப்புமாகத் தாழ்வாரம். அதற்குள்ளே இடமும் வலமும் திண்ணை. நடுவில் தேக்கு வாசக்கால், பிறகு ரேழி என்கிற உள்நடை, நான்கு தூண் முற்றம், பின்னால் இரண்டாம் கட்டு, கிணறு. மாடி மட்டும் வெள்ளைக்காரத் தினுசு: வளைவு ஜன்னல், பலகை அடுக்குக் கதவு, கைப்பிடிச் சுவரில் பூச்சாடி வேலைப்பாடு. கீழே வேட்டி, மேலே கோட்டு என்று அப்பா கேலி செய்வார்.

இடது திண்ணையில் தலை வைக்கச் சரிவாக ஒரு திண்டு கட்டியிருக்கிறார்கள். தாத்தா அங்கே உட்கார்ந்துதான் நூல் வியாபாரம் பார்த்தார், மதியம் அங்கேயே படுத்தார். அந்தத் திண்டு நடுவில் லேசாகக் குழிந்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருக்கும். பக்கத்திலேயே யாரோ கீறி வைத்த ஆடுபுலி ஆட்டக் கட்டம். நானும் அண்ணனும் அதில் விளையாடியிருக்கிறோம். அவன்தான் எப்போதும் புலி.

வீட்டை அருங்காட்சியகமாக வைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை. கடைக்கு விடலாம் என்றுதான் நினைக்கிறேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது, அதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நேர்பேச்சு எழுதியது:

கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதம் 60,000 தருகிற ஆளை விட்டுவிட்டுத் திண்டைக் கட்டிக்கொண்டு அழுதால் வீடு தானாகவே விழும். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி நான்கு பேர் பதினோரு வருடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு பேச வீடு இல்லை, மனைதான் இருந்தது. வாசக்காலைக் கழற்றினால் நல்ல விலைக்குப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், இடித்த வீட்டுத் தூணும் கதவும் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். பழசு பிடித்தவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளட்டும்.

---

சுண்ணாம்புக்கை எழுதியது:

நேர்பேச்சு சொன்னதில் பாதி சரி. பூட்டிய வீடு விழும். நம் மேரி கட்டடமே, பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் விழுந்ததே, கடற்கரையில் அத்தனை பேர் கண் முன்னால்! பழைய சாயலில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அரசாங்கக் கட்டடத்துக்குத் திரும்பக் கட்ட ஆள் இருந்தது, அம்மா. உங்கள் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே வாடகைக்கு விடுவது நல்லதுதான். ஆள் புழங்குகிற வீட்டில் ஒழுக்கு விழுந்த அன்றைக்கே தெரியும்.

நான் முப்பது வருடம் பழைய வீட்டு வேலை பார்த்த மேஸ்திரி. நீங்கள் திண்ணையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்குத் திண்ணை நாலாவது கவலை. முதல் கவலை மாடி.

உங்கள் மாடித் தளம் மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும். அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடும். அவற்றுக்கு மேல் சின்னச் சின்ன டெரஸ் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைச் சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக ஆள் உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்திருப்பார்கள். அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்திருப்பார்கள். ஒரு குடும்பம் நடமாட, பாய் போட்டுப் படுக்க, வடகம் காயவைக்கப் போதுமான தளம் அது. துணி மூட்டை கனத்தை அதன் தலையில் வைக்கக் கூடாது. நூறு புடவைக் கட்டைத் தூக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும் துணி என்ன கனம் என்று. குடோன் மாடியில் வேண்டவே வேண்டாம், இரண்டாம் கட்டில் தரையில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை நீங்களே செய்யலாம். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு தேக்குக் கட்டையும் சுவருக்குள் நுழைகிற இடத்தில் குத்திப் பாருங்கள். நடுவில் குத்திப் பயனில்லை, நடுவில் அது நூறு வருடம் ஆனாலும் இரும்புதான். சுவருக்குள் பொதிந்த முனைதான் ஓதம் குடித்து, கறையான் பிடித்து உளுத்துப் போகும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே மாவு. டங்கென்று நின்றால் சரி. புசுக்கென்று உள்ளே போனால் கடைப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டாவது, அந்த டைல்ஸ், சிமெண்ட். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரை ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கிற சுவர். நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டி வாயை அடைத்தால் ஈரம் எங்கே போகும்? டைல்ஸுக்கு மேலே ஐந்தாவது அடியில் வந்து பூக்கும். அங்கேயும் சிமெண்ட் பூசினால் ஆறாவது, ஏழாவது. கடல் பக்கத்து ஊர் வேறு. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து கல்லின் முகத்தை அரிக்கும். ஒரு வீட்டில் சிமெண்ட் பூச்சைக் கொத்தியபோது பின்னாலிருந்த செங்கல்லைக் கையால் வழித்து எடுத்தேன், கோலமாவு மாதிரி. மேலே பார்த்தால் சுவர் அத்தனை ஜோராக இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு அடித்தல், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பெயிண்டும் கூடாது.

மூன்றாவது ஷட்டர். 12 அடி திறப்பு என்றால் முன்சுவர் போயிற்று என்று அர்த்தம். அந்தச் சுவர்தான் உங்கள் அப்பா கோட்டு என்று கேலி செய்த மாடியைத் தாங்குகிறது. இரும்பு கர்டர் வைக்கிறேன் என்பார்கள். வைக்கலாம்தான், ஆனால் அதன் இரண்டு முனையும் பழைய சுண்ணாம்புக் கட்டுமேல் ஒரே இடத்தில் உட்காரும். கீழே கனமான கல்லோ கான்கிரீட் மெத்தையோ வைத்துப் பாரத்தைப் பரப்பாவிட்டால் அங்கே நொறுங்கும். நான் பார்த்த வரையில் ஷட்டர்காரன் இதைச் செய்து பார்த்ததில்லை.

முற்றத்தை மூடுவதைப் பற்றிக் கடைக்காரர்கள் யாராவது சொல்வார்கள். ஒன்று மட்டும்: நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கித் தெருச் சாக்கடைக்குப் போகும்படி கட்டிய வீடு அது. தெருவுக்கு ரோடு மேல் ரோடு போட்டு உயர்ந்துவிட்டது. முற்றத் தரையையும் டைல்ஸ் போட்டு உயர்த்தினால் ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துவிட்டு உயர்த்துங்கள்.

வைசியாள் வீதிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஆசியா அர்ப்ஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய உதவித் திட்டத்தில் இன்டாக், பழைய கட்டடங்களைக் காக்கிற அமைப்பு, அந்த வீதி முகப்புகளைச் சீர் செய்தது, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் வந்தது. திண்ணையும் தாழ்வாரமும் இருந்தபடியே வீதி எப்படி இருக்கும் என்று உங்கள் துணிக்கடைக்காரருக்கு அங்கே நிற்க வைத்துக் காட்டலாம். இன்டாக் புதுச்சேரியில் 1984 முதல் இருக்கிறது. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் யார் என்று அங்கே கேளுங்கள். நகரமைப்புக் குழுமத்தில் அனுமதி வாங்காமல் முகப்பில் கை வைக்காதீர்கள். வாடகைக்கு வந்தவர் உடைத்துவிட்டுப் போவார், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

கொசுறு: வீடு முந்நூறு வருடம் பழசு என்று யாராவது விளம்பரத்தில் போட்டால் நம்பாதீர்கள். 1761இல் இங்கிலீஷ்காரன் ஊரையே தரைமட்டமாக்கினான். 1765க்குப் பிறகு எழுந்த ஊர் இது. நாட்குறிப்பு எழுதிய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் 1738 வீடு மாதிரி தப்பியது ஒன்றிரண்டுதான். அதையும் போய்ப் பாருங்கள், கீழே நம் வேலை, மேலே அவர்கள் தூண். உங்கள் வேட்டி கோட்டுக்கு அதுதான் பெரியப்பா.

---

அஞ்சடிக்காரன் எழுதியது:

மலேசியாவில் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கடைவீடுகளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உதவுமா தெரியாது, சொல்கிறேன்.

கீழே கடை, மேலே குடும்பம், தெரு ஓரம் ஐந்தடி அகலத்தில் கூரையோடு நடைபாதை. அதை அஞ்சடி என்போம். 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் என்ற இங்கிலீஷ் அதிகாரி போட்ட நகரத் திட்டத்திலேயே இந்த நடை இருக்கிறது. சொந்த இடம், ஆனால் யார் வேண்டுமானாலும் மழைக்கு ஒதுங்கலாம். உங்கள் தாழ்வாரமும் அதே சாதிதானே.

எங்களைக் கவிழ்த்தது சுத்தியல் இல்லை, வாடகை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியில் போயிற்று. அதுவரை சொற்ப வாடகையில் இருந்த குடும்பங்கள் ஒன்றொன்றாகக் கிளம்பின. என் சின்னம்மா வீடு உட்பட. வீடுகள் காலியாகக் கிடந்தன. சிலவற்றில் ஜன்னலை அடைத்து உழவாரக் குருவி வளர்த்தார்கள், சாப்பிட விற்கிற அதன் கூட்டுக்காக. சுவரெல்லாம் ஈரம், எச்சம். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் எங்கள் நகரம் ஜார்ஜ் டவுன் ஏறியது, அப்புறம் காபிக்கடையும் தங்கும் விடுதியும் வந்தன. இப்போது முகப்பு எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் சந்தில் விளக்கு எரிகிற மேல்மாடி மூன்றுதான். நான் எண்ணிப் பார்த்தேன்.

அதனால் ஒரு யோசனை. மாடியைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் வந்தால் தங்க ஓர் அறை வைத்துக்கொண்டு, மீதியில் ஒரு சின்னக் குடும்பத்தைக் குடிவையுங்கள். ஒழுகினால் முதலில் கத்துகிறவர்கள் அவர்கள்தான்.

பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உண்டா? எங்கள் பக்கத்துக் கடைக்காரர் அவருடைய ஏர்வெல்லை, அதாவது உங்கள் முற்றத்தை, கான்கிரீட் போட்டு மூடினார். ஈரம் எங்கள் சுவரில் வந்தது. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

---

மூணுபடி எழுதியது:

அக்கா, நான் இதே ஊரில் பழைய வீட்டில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவள். கைத்தறி, மண்பாண்டம், கொஞ்சம் தோல் சாமான். வாடகைக்கு வருகிறவர் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

அவர் ஷட்டர் கேட்பது திமிரால் இல்லை. தெருவில் போகிறவருக்கு உள்ளே சரக்கு தெரிய வேண்டும். பழைய வீட்டுக்குள் பகல் 12 மணிக்கே இருட்டு. வெளியே வெயில் கண்ணைக் கூசும், உள்ளே ஒன்றும் தெரியாது, மூணு படி ஏறி யார் வருவார்? முதல் ஆறு மாதம் நான் ஈ ஓட்டினேன். எட்டிப் பார்ப்பார்கள், "வீடு போலிருக்கு" என்று போய்விடுவார்கள்.

அப்புறம் செய்தது இவ்வளவுதான். ரேழியின் முடிவில், வாசலுக்கு நேர் எதிரே, ஒரே ஒரு சிவப்புப் புடவையை முழுசாகத் தொங்கவிட்டு அதன்மேல் மட்டும் நல்ல விளக்கு. தெருவிலிருந்து பார்த்தால் இருட்டுக்குள் அது மட்டும் தெரியும். ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டே படியேறிவிடுவார்கள். வலது திண்ணையில் பானைகளை வைத்தேன். இடது திண்ணையைக் காலியாக விட்டேன், கூட வந்த கணவன்மார் உட்கார. சிரிக்காதீர்கள், வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. அவர் உட்கார்ந்துவிட்டால் இவர் உள்ளே ஒரு மணி நேரம் பார்ப்பார்.

முற்றத்தை மூடுவதா? முதல் வருடம் நானும் ஷீட் போட்டேன். சித்திரையில் வீடு இட்லிச்சட்டி. இரண்டு ஏசி வாங்கினேன், வணிக மின்கட்டணத்தில் பில்லைப் பார்த்துத் தலை சுற்றியது. இப்போது ஷீட்டை ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி நாலு பக்கமும் திறந்து வைத்திருக்கிறேன். மழை விழாது, சூடு வெளியே போகும். ஏசி முன்கட்டுக்கு மட்டும்.

பழைய வீட்டின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் தோல் சாமானில் பூஞ்சை பூக்கும். சுவரை ஒட்டி மடித்து வைத்த துணியில் மஞ்சள் கோடு விழும். அலமாரி எல்லாம் சுவரிலிருந்து அரையடி தள்ளித் தானாக நிற்கிறது, ஓர் ஆணி அடிக்கவில்லை. ஒயரிங் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில். பெயர்ப்பலகை தாழ்வாரத்து விட்டத்தில் சங்கிலியில் தொங்குகிறது, கழற்றினால் தழும்பு இருக்காது. இரண்டாம் கட்டுக்கு எந்த வாடிக்கையாளரும் வருவதில்லை, எத்தனை அலங்காரம் செய்தாலும். அதற்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார்களே என்று எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பின்வாசலை மட்டும் பூட்டாமல் வையுங்கள். துணிக்கடை, மின்கசிவு, ஒரே வாசல் என்றால் யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஒப்பந்தத்துக்கு என் வீட்டுக்காரர் செய்ததைச் சொல்கிறேன், கெட்டிக்காரக் கிழவர். சாவி கொடுக்கும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, படத்தின் பின்னால் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தோடு சேர்த்தார். "கழற்றி எடுக்க முடியாத எதையும் பொருத்தக் கூடாது, சுவர் தரை கூரை மூன்றிலும் எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் கை வைக்கக் கூடாது, மீறினால் அட்வான்ஸிலிருந்து பிடித்தம்" என்று ஒரு பத்தி. ஊரில் வழக்கமாக எழுதும் 11 மாத ஒப்பந்தத்தை அவர் விரும்பவில்லை. ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்தே கொடுத்தார். பதினோரு மாதம் என்றால் கடைக்காரர் போட்ட காசை அவசரமாக எடுக்கப் பார்ப்பாராம், ஐந்து வருடம் என்றால் ஒழுகினால் தானே ஆள் கூப்பிடுவாராம். என் விஷயத்தில் அது பலித்துவிட்டது.

---

வாய்க்கால்மேற்கு மறுபடியும் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேர்பேச்சுக்கும்தான். அண்ணன் உங்கள் பதிலை மட்டும் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மேஸ்திரி ஐயா சொன்னபடி ஸ்க்ரூ டிரைவரும் ஏணியும். முன்கட்டில் மொத்தம் 17 கட்டை. தெருப்பக்கச் சுவரில் எல்லாம் டங். எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. முற்றத்துப் பக்க முனைக்கு வந்தேன். மூன்றாவது கட்டையில் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று, வெண்ணெயில் போகிற மாதிரி, சத்தமே இல்லை. வெளியே எடுத்தபோது கூடவே காப்பித்தூள் நிறத்தில் பொடி கொட்டி என் கண்ணில் விழுந்தது. நான்காவதும் அப்படியே. ஐந்தாவது பாதி. அதற்கு நேர் மேலேதான் மாடிக் குழாய் பல வருடமாக ஒழுகி, அப்பா ஒரு பித்தளை அண்டா வைத்திருந்தார். அண்டா இன்னும் அங்கேயே இருக்கிறது.

துணிக்கடைக்காரர் வந்தார். மாடி கிடையாது, திண்ணையும் வாசக்காலும் கிடையாது, டைல்ஸ் கிடையாது, ஐந்து வருடம் பதிவு செய்து தருகிறேன், வாடகை 42,000 போதும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கட்டை வேலை எப்போது முடியும் என்று கேட்டார், தை வரைக்கும் பார்க்கிறேன் என்றார். ஷட்டர் இல்லாமல் இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்வானா என்று ஒரு கவலை அவருக்கு. வாசக்காலுக்கு உள்பக்கம், ரேழியில் மடக்குக் கம்பிக்கதவு போட்டால் ஆகுமா? மூணுபடி, நீங்கள் ராத்திரி எப்படிப் பூட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அண்ணன் தன் பங்குக்கு ஒன்று கேட்டான். செலவில் பாதி தருகிறானாம், ஆனால் மாடியில் தெருப்பக்க அறை அவனுக்கு வேண்டுமாம். பினாங்கு அண்ணா, நீங்கள் சொன்னதை நான் அவனிடம் சொல்லவே இல்லை, அவனாகத்தான் கேட்டான்.

இப்போது எனக்கு வேண்டியது ஓர் ஆள். அந்த மூன்று கட்டையின் முனையை மட்டும் வெட்டி ஒட்டி, மேலே தளத்தைச் சுண்ணாம்பிலேயே மூடத் தெரிந்தவர். இங்கே வந்து பார்த்த முதல் கொத்தனார் எல்லாவற்றையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்றார். இரண்டாமவர் கடுக்காய் என்றால் என்ன என்று கேட்டார். மேஸ்திரி ஐயா, இன்டாக்கில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதற்குள் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஐப்பசிக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.